வகுப்பில் குறிப்பு எடுத்தல்: எங்கள் கொப்பிகளும் உங்கள் கொப்பிகளும்

(நூற்றாண்டு விழாவை ஒட்டிப் பாடசாலை மண்டபத்தில் உயர்தர மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கே ஒலிவாங்கியின் முன் நிற்பது ஒருவர்தான். பேசுவது 1997இல் உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பு. இந்த உரைக்காகக் கடந்த மூன்று வாரமாக லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் எங்கள் தோழிகள் நேரங்கெட்ட நேரத்தில் வட்ஸ்அப்பில் பேசித் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே "நாங்கள்" என்று சொல்வது மரியாதைக்காக அல்ல, கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

"பிள்ளைகளுக்குப் படிக்கும் முறை பற்றிச் சொல்லுங்கள்" என்று விழாக் குழு கேட்டது. அது பெரிய கடல். அதிகாலை நாலு மணிக்கு எழும்பு, கைபேசியை மூடி வை என்பதையெல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நாங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்: வகுப்பில் இருந்துகொண்டு நோட்ஸ் எழுதுவது.

எங்கள் நாட்டு வகுப்பறையில் அதிகம் கேட்கும் கட்டளை "எழுதுங்கோ" என்பதுதான். ரீச்சர் சொல்லச் சொல்ல, முற்றுப்புள்ளி காற்புள்ளி உட்பட, பிள்ளைகள் எழுதுவார்கள். இதைப் பழிப்பது இப்போது ஒரு நாகரிகம். நாங்கள் அப்படிப் பழிக்க மாட்டோம், ஏனென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கத் தொடங்கிய காலத்தில் தமிழ்ப் புத்தகங்கள் போதவில்லை. ஆங்கிலப் புத்தகத்தை இரவில் வாசித்து, கலைச்சொல் தேடி, தமிழாக்கி, அடுத்த நாள் வகுப்பில் சொன்னவர்கள் ஆசிரியர்கள். அவர்களுடைய நோட்ஸ்தான் புத்தகம். அது இல்லாவிட்டால் தாவரவியலும் விலங்கியலும் எங்கள் வீடுகளுக்கு வந்திராது. (எங்கள் காலத்தில் இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள். இரசாயனவியலும் பௌதிகவியலும் சேர்த்து மொத்தம் நாலு. இப்போது உங்களுக்கு உயிரியல் என்று ஒன்றாகி, பாடம் மூன்றாகிவிட்டது. பாரம் குறையவில்லை என்கிறீர்கள், நம்புகிறோம்.)

ஆனால் அந்தக் காரணம் இன்றைக்கு இல்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல் தமிழில் இருக்கிறது. கடந்த கால வினாத்தாள்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. ரியூசனில் அச்சடித்த ரியூட் தருகிறார்கள். மூன்று ரியூசனுக்குப் போகும் பிள்ளையிடம் ஒரே பாடத்துக்கு மூன்று ரியூட் இருக்கிறது, பாடசாலையில் எழுதிய கொப்பி இருக்கிறது, கரும்பலகையைப் படம்பிடித்த கைபேசி இருக்கிறது. எல்லாம் பிறர் யோசித்தவை. அவள் யோசித்து எழுதிய ஒரு பக்கம் எங்கே என்று கேட்டால் பையைத் துழாவுகிறாள். எங்கள் மருத்துவ பீடத்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதைக் கண்ட பிறகுதான் இந்தத் தலைப்பை எடுத்தோம்.

இனி எங்கள் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. நாங்கள் அப்போது ஏழாம் வகுப்புக்கே வரவில்லை. உயர்தரம் தொடங்கும்போதும் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்குத்தான். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை. கொப்பி அருமை, பேனை அருமை, பற்றரி கண்ணாலும் காண முடியாது. போட்டோக்கொப்பி என்றால் ஜெனறேற்றர் வைத்திருக்கும் கடை தேடிப் போய், காசையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் எவ்வளவு அடக்கலாம், எதை எழுதாமல் விடலாம் என்பது எங்களுக்குப் படிப்பு முறை அல்ல, வீட்டுச் செலவுக் கணக்கு.

எங்கள் விலங்கியல் ரீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பக்கத்தின் இடப்புறம் மூன்று விரல் அகலம் விட்டு அடிமட்டத்தால் கோடு கீறச் சொல்வார். வலப்புறத்தில் பாடம். இடப்புறத்தில் வகுப்பு முடியும்வரை ஒன்றும் எழுதக் கூடாது. அன்று இரவு கேள்வி மட்டும் எழுதலாம். தாள் இல்லாத காலத்தில் இது என்ன ஊதாரித்தனம் என்று வீட்டில் பேச்சு வாங்கியவர்கள் எங்களில் பலர். பின்னாளில்தான் தெரிந்தது, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் போக் என்ற பேராசிரியர் ஏறத்தாழ இதே முறையை மாணவர்களுக்குக் கற்பித்து, 1962இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியும் இருக்கிறார் என்று. அவருடைய பக்கத்தில் அடியில் இன்னொரு கட்டமும் உண்டு, முழுப் பாடத்தையும் இரண்டு மூன்று வரியில் தன் சொல்லில் எழுதுவதற்கு. எங்கள் ரீச்சர் அந்தப் புத்தகத்தை வாசித்தாரோ, தானாகக் கண்டாரோ, கேட்டு வைக்காமல் போய்விட்டோம்.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு பாடத்தை எடுத்துக் காட்டுவது நல்லது. உங்கள் பாடத்திட்டத்திலும் உள்ளதுதான், சிறுநீரகத்தி. சொல்வதை எழுதினால் கொப்பியில் இப்படி வரும்: "சிறுநீரகத்தி என்பது சிறுநீரகத்தின் கட்டமைப்பு, தொழிற்பாட்டு அலகாகும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் காணப்படுகின்றன." இப்படி இரண்டரைப் பக்கம். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எழுதும்போது கை வேலை செய்கிறது, தலை வேலை செய்யவில்லை. "காணப்படுகின்றன" என்பதை எழுதி முடிக்கும் நேரத்தில் ரீச்சர் அடுத்த கருத்துக்குப் போய்விடுவார்.

எங்கள் தோழி ஒருத்தி அதே பாடத்துக்கு எழுதிய பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறாள். பென்சிலால் ஒரு படம். மேலே கலன்கோளம், பக்கத்தில் "வடி" என்று ஒரு சொல். அதிலிருந்து சுருண்டு போகும் குழாய், பக்கத்தில் "திருப்பி எடு". கீழே இறங்கி ஏறும் ஹென்லேயின் தடம், பக்கத்தில் "உப்பு" என்று எழுதி ஓர் அம்புக்குறி. அடியில் இரண்டு எண்கள்: நாளுக்கு வடிவது 180 லீற்றர், வெளியே போவது ஒன்றரை லீற்றர். வலப்புறம் அவ்வளவுதான். இடப்புறத்தில் இரவு எழுதிய கேள்விகள் இரண்டு. ஒன்று: "திருப்பி எடுக்கத்தானே போகிறது, பிறகு ஏன் இவ்வளவையும் வடிக்க வேணும்?" மற்றது: "குளுக்கோசு முழுவதும் திரும்ப எடுபடும் என்றால் சலரோகக்காரரின் சிறுநீரில் சீனி எப்படி வருகிறது?"

முதல் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடம்பில் உள்ள குருதித் திரவவிழையம் ஏறத்தாழ மூன்று லீற்றர். 180 லீற்றர் வடிய வேண்டுமென்றால் அதே மூன்று லீற்றர் நாளுக்கு அறுபது தடவை வடிபட வேண்டும். வீண் வேலை போலத் தெரிகிறது. ஆனால் கழிவு ஒவ்வொன்றையும் இனங்கண்டு வெளியே தள்ளுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி வேண்டும். எல்லாச் சிறிய பொருளையும் வெளியே விட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டால், உடம்பு முன்பின் அறியாத கழிவுகூடத் தானாகப் போய்விடும். எங்கள் அம்மாமார் அலுமாரி துப்பரவாக்குவதுபோல: எல்லாவற்றையும் வெளியே இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவது. இந்த விளக்கம் அவளுடைய கொப்பியில் எழுதப்படவில்லை. கேள்வி மட்டும்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருடம் கழிந்த பிறகும் கேள்வியைப் பார்த்தவுடன் விடையைச் சொல்கிறாள். அவள் வைத்தியரும் அல்ல, கொழும்பில் ஒரு வங்கியில் வேலை.

இரண்டாவது கேள்விக்கான விடை எங்களில் வைத்தியரானவர்களுக்குக் கிளினிக்கில் நாள்தோறும் வருகிறது. திருப்பி எடுக்கும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. குருதியில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் எடுத்து முடிக்க இயலாமல் சிறுநீரில் வழியத் தொடங்குகிறது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவேதான் அந்த நோயாளி இரவில் நாலு தரம் எழும்புகிறார், தாகம் எடுக்கிறது என்கிறார். கால் வீங்கி வருபவருக்குக் கொடுக்கும் புரூசமைட் மாத்திரையும் அந்த ஹென்லே தடத்தின் ஏறும் பக்கத்தில், "உப்பு" என்று அம்புக்குறி போட்ட அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. உப்பைத் திருப்பி எடுக்க விடாது, உப்போடு தண்ணீரும் வெளியே போகும். பதினேழு வயதில் கீறிய அம்புக்குறி நாற்பத்தைந்து வயதில் மருந்துச் சீட்டாகிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் நின்றதை இங்கே உள்ள பல அக்காமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். மழை. செம்மணி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஆளோடு ஆள் ஒட்டி நகர்ந்த சனம். சைக்கிளில் அரிசி, உடுப்பு, வீட்டு உறுதி, அடையாள அட்டை. அதற்குள் கொப்பிக்கு எவ்வளவு இடம்? எங்களில் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனோம். ஒருத்தி இரசாயனவியல் கொப்பிகளை வீட்டில் வைத்துவிட்டு, சேதனப் பகுதியைச் சுருக்கி எழுதிய ஒரு மெல்லிய கொப்பியை மட்டும் உடுப்புக்குள் செருகிக்கொண்டாள். தென்மராட்சியில் வேறொரு பாடசாலையில் பின்னேர வகுப்பும் மரநிழல் வகுப்புமாக நாங்கள் மறுபடி கூடியபோது அந்த ஒரு கொப்பிதான் எங்கள் பதினொரு பேருக்கும்.

அங்கே ஒரு விஷயத்தைக் கண்டோம். அவளுடைய கொப்பியைப் பார்த்து எழுத முடியவில்லை. அது அவளுக்காக எழுதப்பட்டது. இரண்டு சொல், ஓர் அம்புக்குறி, ஒரு கேள்விக்குறி, இடையில் வெறுமை. அந்த வெறுமையில் என்ன இருக்கிறது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் சொல்ல வேண்டும், சொல்லும்போது அவளுக்கே தடக்கினால் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும். அப்படியே சேதன இரசாயனம் முழுவதையும் வாயால் திரும்பக் கட்டினோம். 1996இல் ஊர் திரும்பியபோது சிலருடைய பழைய கொப்பிகள் வீட்டில் அப்படியே இருந்தன, சிலருடையதைக் கறையான் தின்றிருந்தது, சிலருக்கு வீடே இல்லை. அந்தப் பதினொரு பேரில் கொப்பி திரும்பக் கிடைத்தவர்கள், அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள். தேவைப்படவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, வறுமைதான் படிப்பிக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த மரநிழலில் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு. ஒரு பிள்ளைக்கும் அப்படி ஒரு காலம் வரக் கூடாது. தாள் நிறைய இருக்கும்போதும் தாள் இல்லாததுபோல எழுதலாம் என்பது மட்டுமே நாங்கள் சொல்வது.

ஏன் அப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறோம். எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் மணித்தியாலங்களிலும் முதல் நாளிலுமே மிக வேகமாக நடக்கிறது. ஆகவே அன்று படித்ததை அன்றிரவே தொட வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களில் ஒரு பகுதியினரை ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க விட்டார்கள், மற்றவர்களை மூடி வைத்து நினைவிலிருந்து எழுத விட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடி வைத்து எழுதியவர்கள் முந்தினார்கள். சோதனைக்கு முதல் நாள் இரவு வாசித்துவிட்டு "எல்லாம் பாடம்" என்று தோன்றுவது ஏன், மண்டபத்தில் அது காணாமல் போவது ஏன் என்பது இதில் விளங்கும். மஞ்சள் பேனையால் அடிக்கோடிடுவது பற்றி 2013இல் டன்லொஸ்கியும் சகாக்களும் செய்த மதிப்பாய்வு, அதனால் பயன் குறைவு என்றே சொல்கிறது. எங்கள் பிள்ளைகளின் மேசையில் ஆறு நிறத்தில் அந்தப் பேனை இருப்பதையும் காண்கிறோம்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் தோழிகள் கேட்கிறார்கள்: இங்கே பிள்ளைகள் கையால் எழுதுவதே இல்லை, மடிக்கணினியில் தட்டுகிறார்கள், அது கூடாதா? 2014இல் முல்லர், ஒப்பன்ஹைமர் என்பவர்கள் செய்த ஆய்வில், கணினியில் தட்டியவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிந்தார்கள், கருத்தை விளங்கிக் கேட்ட கேள்விகளில் கையால் எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று வந்தது. அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2019இல் வேறு சிலர் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. எங்கள் அபிப்பிராயத்தில் பேனையா கணினியா என்பதல்ல விடயம். கேட்டதை அப்படியே பதிகிறாளா, கேட்டதில் எது வேண்டும் என்று தீர்மானிக்கிறாளா என்பதுதான். பேனை மெதுவாகப் போவதால் தீர்மானிக்க வைக்கிறது. கணினியில் தட்டும் பிள்ளை அதை வேண்டுமென்றே செய்ய வேண்டும்.

மருத்துவ பீடத்துக்குப் போன முதல் வாரம் எங்களுக்கு வேறு விதமான சோதனை. பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர்களுக்கு முழு விரிவுரையும் ஆங்கிலத்தில். கலம் "செல்" ஆகிறது, இழையம் "ரிஷூ" ஆகிறது, சிறுநீரகத்தி "நெப்ரோன்" ஆகிறது. அரைவாசிச் சொல் காதில் விழாது. சொல்வதை அப்படியே எழுதும் பழக்கம் அங்கே ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாது. படம் கீறத் தெரிந்தவர்கள் தப்பினோம். விரிவுரையாளர் தோள்பட்டை நரம்புப் பின்னலைப் பலகையில் வரைந்தால் அதை நாங்களும் வரைந்து, கிடைத்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதி, இரவில் நூலகத்தில் சரிபார்த்தோம். இடப்புறக் கோடு அங்கேயும் வந்தது. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்து, புத்தகங்களையும் தமிழாக்கினார் என்பதை அப்போது நினைத்துப் பெருமூச்சு விட்டதும் உண்டு.

வாட்டுக்கு வந்தபின் நோட்ஸ் எழுதுவது வேறு ஒரு பொறுப்பு. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் பி.எச்.ரி.யில் இரவு இரண்டு மணிக்கு ஒரு வைத்தியர் எழுதுவதை நம்பித்தான் காலை ஆறு மணிக்கு இன்னொருவர் மருந்து கொடுக்கிறார். நோயாளி சொன்னது என்ன, நாங்கள் கண்டது என்ன, அதிலிருந்து நாங்கள் நினைப்பது என்ன, இனிச் செய்யப்போவது என்ன என்று நாலாகப் பிரித்து எழுதுகிறோம். இது லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர் 1968இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை. இதில் மூன்றாவது பகுதிதான் புதிய வைத்தியர்கள் தடுமாறும் இடம். முதல் இரண்டையும் அழகாக நிரப்புவார்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பேனை நின்றுவிடும். உயர்தரத்தில் மிக நல்ல சித்தி பெற்ற பிள்ளைகள்தான் இவர்கள். தாங்கள் நினைப்பதை எழுத அவர்களிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை, இடப்புறம் மூன்று விரல் இடம் யாரும் விடச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தின் மறுபக்கத்தில் கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறோம்.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நாற்பது நிமிடப் பாடத்தில் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எங்களுக்கும் தெரியும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பலகையையும் அழித்துவிட்டு, பிள்ளைகளை எழுத விடுங்கள். தூர தேசங்களில் இருந்து இந்த மலரைப் படிக்கும் அக்காமார், தங்கைமாரிடமும் ஒன்று: உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இந்தப் பாடசாலையில் எழுதிய பழைய கொப்பி ஏதும் தப்பியிருந்தால், எறிய வேண்டாம். ஒரு பக்கத்தையாவது படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இந்தப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பின்வரிசைப் பிள்ளைகளே, தேநீருக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. உங்கள் கதிரையில் ஒரு வெறுந்தாள் வைத்திருக்கிறோம். நேற்று முதலாம் பாடத்தில் படித்ததில் நினைவிலிருப்பதை எழுதுங்கள். படம் கீறலாம், அம்புக்குறி போடலாம், தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடலாம். கொப்பி பைக்குள்ளேயே இருக்கட்டும். தாளை நாங்கள் வாங்க மாட்டோம். தொடங்குங்கோ.